சிவகாசியில் பி12 ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடம்

மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப் போனால் வரும் சின்ன கிளினிக். அங்கேதான் நான் வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்கிறேன். பெயரைப் போடவில்லை, இப்போதே உட்கார பெஞ்ச் போதவில்லை. ஊர்க்காரர்களுக்குப் படிக்கட்டைச் சொன்னாலே இடம் புரிந்துவிடும். மற்றவர்கள், ஊசி போடும் இடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்கலாம்.

எனக்கு ஏன் ஊசி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஃப்செட் அச்சு மெஷின் பக்கத்திலேயே நின்று பழகிய உடம்பு. சுகர் வந்து ரொம்ப வருஷமாகிறது, மெட்ஃபார்மின் மாத்திரையும் அன்றிலிருந்து ஓடுகிறது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிடுவேன். “சுகர்னா அப்படித்தான் இருக்கும்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மதுரையில் பார்த்த நரம்பு டாக்டர்தான் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். 142 என்று வந்தது. பொதுவாக 200க்குக் கீழே போனால் குறைபாடு, 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்.சி.வி. 104. அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பெருத்திருந்தன.

பி12 குறைவது சுத்த சைவக்காரர்களுக்குத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிற ஆள். என் விஷயத்தில் காரணம் மாத்திரை. மெட்ஃபார்மின் நாள்படச் சாப்பிட்டால் குடல் பி12ஐ இழுத்துக்கொள்வது குறையும். போதாததற்கு நெஞ்செரிச்சலுக்குப் பான்டப்ரசோல் வேறு. வயிற்றில் அமிலம் குறைந்தால், தின்ற கறியில் இருக்கும் பி12 அதிலிருந்து சரியாகப் பிரியாது. எனவே கறி தின்றும் பலனில்லை. சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். குறைகிறதை ஊசியில் ஈடுகட்டிக்கொள்ளலாமாம்.

சீட்டில் எழுதியிருந்தது இது: மெத்தில்கோபாலமின் 1000 மைக்ரோகிராம், தசையில். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம். அப்புறம் மாதம் ஒன்று. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 2 மைக்ரோகிராம் சொச்சம்தானே, எதற்கு 1000 என்று கேட்டேன். போடுவதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுமாம், மிச்சம்தான் கல்லீரலில் சேருமாம். நம்ம ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்கிற கதைதான். முதலில் தொட்டி நிரம்ப வேண்டும், அதனால் அடுக்கடுக்காக ஊசி. நிரம்பிய பிறகு மாதத்துக்கு ஒன்று போதும். ஒரே நாளில் நாலு ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் அக்கா மகளுக்கும் இதே குறைபாடு. அவளுக்கு அங்கே போடுவது ஹைட்ராக்ஸோகோபாலமின், பி12இல் இன்னொரு வகை: 1 மில்லிகிராம் (அதே 1000 மைக்ரோகிராம்தான்), வாரம் மூன்று ஊசி, இரண்டு வாரம், அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றுதான். “உனக்கு மட்டும் எப்படி மாசாமாசம்?” என்று போனில் கேட்டாள். அந்த வகை உடம்பில் அதிக நாள் தங்கும், அதனால் இடைவெளியும் அதிகம். நரம்பு பாதித்திருந்தால் அங்கேயும் கணக்கு மாறிவிடும். இதற்குமேல் முன்னேற்றம் இல்லை என்கிற நிலை வரும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து நம் ஊசியை முடிவு செய்ய முடியாது.

இனி கிளினிக். ஊசி போடுகிற சிஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் சீட்டைக் காட்டாமல் கைகூட வைக்க மாட்டார். முதல் நாளே ஒரு அட்டையில் தேதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டார். போட்ட பிறகு எந்தத் தேதி, எந்தக் கை என்று குறிப்பார். “போன தடவை இடது, இன்னைக்கு வலதுல காட்டுங்க அண்ணாச்சி” என்பார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் கட்டிக்கொள்ளும்.

அவர் ஊசி எடுப்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். மருந்து ஆம்ப்யூல் என்கிற சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது, வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால். கழுத்தில் தேங்கியிருக்கும் துளியை விரலால் தட்டிக் கீழே இறக்குகிறார். பஞ்சைச் சுற்றிப் பிடித்து ஒரு நொடி. சத்தமே இல்லாமல் தலை தனியாக வருகிறது. உள்ளே ரோஜாப்பூ சர்பத் நிறத்தில் மருந்து. பி12க்குள் கோபால்ட் இருக்கிறது, சிவப்பு அந்த அமைப்பிலிருந்து வருவது. சிரிஞ்ச் கவரை நம் கண்ணெதிரே கிழிக்கிறார். முடிந்ததும் ஊசி முனையை அங்கேயே வெட்டி வெள்ளை டப்பாவில், சிரிஞ்சைச் சிவப்பில், கண்ணாடியை நீலப் பெட்டியில் போடுகிறார். மூன்றையும் ஒரே கூடையில் எறிகிற இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஊசியைவிடப் பஞ்சில் இருக்கும் ஸ்பிரிட்தான் அதிகம் எரிகிறது.

இந்த இடத்தை எனக்குப் பிடித்துப்போனது இரண்டாவது வாரத்தில். மருந்து வாங்கும் கடையில் 1000 இல்லை என்று 500 மைக்ரோகிராம் ஆம்ப்யூலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி நிறம் ஒன்றுதான், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிஸ்டர் லேபிளைப் படித்ததும் நிறுத்திவிட்டார். “இது பாதிதான் இருக்கு. ரெண்டு ஆம்ப்யூல் போடலாமான்னு கேட்டுட்டுத்தான் போடுவேன்.” டாக்டருக்குப் படம் அனுப்பி, பதில் வருகிறவரை என்னை உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் போச்சு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர்கள் குவிகிற நேரம். பிரஸ்ஸிலிருந்து போன் மேல் போன். கோபம்தான் வந்தது. இருந்தாலும் அப்படி நிறுத்துகிற ஆளிடம்தான் கையைக் கொடுக்க வேண்டும்.

என் மச்சினன் போகிற இடம் நேர் எதிர். டெஸ்ட் கிடையாது, சீட்டு கிடையாது. “அசதியா இருக்கு” என்றால் சத்து ஊசி, “கால் குத்துது” என்றால் நரம்பு ஊசி. வாரம் ஒன்று, எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை. அது பி12 மட்டும் உள்ள ஊசியல்ல, பி6 சேர்ந்த கலவை. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் ஏறினால் அதுவே கை கால் மரமரப்பைக் கொண்டுவரும். நரம்புக்காகப் போடுகிற ஊசி நரம்பைக் கெடுக்கும், கேட்டால் “இன்னும் ரெண்டு போட்டாச் சரியாகும்” என்பார்கள். இன்னொரு வம்பும் உண்டு. டெஸ்ட் எடுக்கும் முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் ரத்தத்தில் பி12 எகிறிக் காட்டும். உண்மையில் குறைவு இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தனியாக விழுங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: பி12 குறைவை அது மறைக்கும். ரத்தச்சோகை தேறிவிடும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. படிக்கட்டில் கைப்பிடி கிடையாது. கால் மரத்துப்போனவர்கள் வருகிற இடத்துக்கு இது பெரிய குறை. திரைச்சீலை ஒன்று உண்டு, பாதிக்கு மேல் இழுக்க முடியாது. இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ள வரும் பெண்களுக்குச் சங்கடம். ஞாயிறு விடுமுறை. அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் கணக்கு இடிக்கும். ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட 50 ரூபாய் வாங்குகிறார்கள், மருந்து நம் செலவு. எனக்கு அது நியாயமான காசு.

பலன்? அசதி முதலில் விலகியது. எம்.சி.வி. இறங்கி வர சில மாதங்கள் ஆயின. பாதம் மெதுவாகத்தான் தேறி வருகிறது. இப்போது செருப்பு கழன்றால் தெரிகிறது, விரல் நுனியில் மட்டும் இன்னும் மரமரப்பு. நரம்பு தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், நாள்பட்ட சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அடுத்து மாதாந்திர ஊசிக்குப் பதிலாகத் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாற்றலாமா என்று பார்க்கப் போகிறார். அந்த அளவில் விழுங்கினால் சுமார் ஒரு சதவீதம் தானாகவே உள்ளே இறங்கிவிடுமாம், பலருக்கு அதுவே போதுமாம். இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். “நல்லதுதானே அண்ணாச்சி, படி ஏற வேண்டாம்” என்றார். ஒரு வாடிக்கை போகிறதே என்ற கவலை முகத்தில் இல்லை.

போகிறவர்கள் ஏழரை மணிக்கு மேல் போங்கள், குழந்தைகள் கூட்டம் அதற்குள் குறைந்திருக்கும். அரைக்கைச் சட்டை நல்லது. டாக்டர் சீட்டை மறக்க வேண்டாம், இல்லையென்றால் வந்த வழியே அனுப்பிவிடுவார்.