1956 டாப்ஸ் செட்: பிஎஸ்ஏ பெட்டியா, எஸ்ஜிசி பெட்டியா, வெறும் கார்டா?

கார்டின் தரத்தைப் பார்த்து பத்துக்கு இத்தனை என்று எண் (கிரேடு) போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள்தான் பிஎஸ்ஏவும் எஸ்ஜிசியும். பழைய பேஸ்பால் கார்டுகளில் ஒரு முழு செட்டை அப்படிக் கிரேடு போட்ட பெட்டிகளிலேயே சேர்க்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது, அமெரிக்க நிறுவனமான டாப்ஸ் 1956-இல் வெளியிட்ட செட். 1952 டாப்ஸுக்குத்தான் பெயர் அதிகம். ஆனால் அதன் 407 கார்டுகளில் 311-லிருந்து மேலே போவதற்குள் பை காலியாகிவிடும். விற்காமல் கிடந்த அந்தக் கடைசி வரிசைக் கார்டுகளை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1956-இல் அப்படி ஒரு மலை குறுக்கே நிற்பதில்லை. மொத்தம் 340 கார்டுகள். டெட் வில்லியம்ஸ், ஜாக்கி ராபின்சன், கிளெமென்டே, மேன்டில் எல்லாரும் இருக்கிறார்கள். ஹாங்க் ஆரனின் 31-ஆம் எண் கார்டில் பின்னணியில் சறுக்கி வருபவர் ஆரனே இல்லை, வில்லி மேஸ்! அச்சடித்தவர்கள் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கார்டு அது.

சரி, எந்தப் பெட்டி?

பிஎஸ்ஏ 1991-இல் தொடங்கியது. விற்கும்போது சுலபம்: அதே கார்டு, அதே கிரேடு என்றாலும் பிஎஸ்ஏ பெட்டிக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைக்கும். யாருடைய செட் உசத்தி என்று வரிசைப்படுத்தும் அதன் ரெஜிஸ்ட்ரி வேறு இருக்கிறது. அதில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அரைப் புள்ளிக்காகத் தூக்கம் கெடும்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். என்னிடம் கிளெமென்டே இரண்டு இருந்தன, இரண்டும் பிஎஸ்ஏ 6. ஒன்றில் நான்கு மூலையும் கூர்மை. ஆனால் படம் இடப்பக்கம் ஒதுங்கி, அந்த ஓரத்து வெள்ளை நூலளவுதான் மிச்சம், வலப்பக்கம் அதைப்போல நாலு மடங்கு. இன்னொன்றில் மூலைகள் லேசாக மழுங்கியிருந்தன, படமோ நட்டநடுவில். 6-க்கு 80/20 வரை சென்டரிங் (இரு பக்க ஓரங்களின் விகிதம்) செல்லும் என்பதால் இரண்டுக்கும் ஒரே எண். கூர்மையானதை விற்றுவிட்டேன். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள், மூலை கண்ணில் படாது, கோணல்தான் படும். 8 என்று போட்டுப் பக்கத்தில் ‘ஓசி’ என்றிருந்தால் நடுவிலிருந்து விலகியது என்று அர்த்தம். ரெஜிஸ்ட்ரி அதை இரண்டு குறைத்து 6 ஆகத்தான் எண்ணும்.

எஸ்ஜிசி 1998-இல் வந்தது. கார்டைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் இருப்பதால் 1956-இன் வெள்ளை ஓரம் அதில் பளிச்சென்று எடுத்துக் காட்டும். சென்டரிங் கோணலாக இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும், அதனால் கண்ணுக்கு நல்ல பயிற்சி. பெரிய கார்டுகளுக்கு இந்தப் பெட்டி ஒரு குறையும் இல்லை: 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போன 1952 மேன்டில், எஸ்ஜிசி 9.5 தான். சாதாரண ஆட்டக்காரர்களின் கார்டுகள் விலை இறங்கிக் கிடைக்கும். வாங்குபவருக்கு லாபம், விற்கும் அன்று அதே நஷ்டம். 2024-இல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே எஸ்ஜிசியை வாங்கிவிட்டது. ஆகவே, எனக்கு இவை போட்டிக் கடைகள் என்பதைவிட ஒரே முதலாளியின் இரண்டு கவுன்டர்கள்.

பெக்கெட் என்று இன்னொரு கிரேடிங் நிறுவனமும் இருக்கிறது. ஆனால் 1950-களின் கார்டுகளில் முழு செட்டையும் அதில் முடிக்க முயல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி, வெறும் கார்டாக வாங்கி நாமே கிரேடிங்குக்கு அனுப்புவது. சாதாரணக் கார்டுகளுக்கு இது கட்டுப்படியே ஆகாது. கார்டு விலையைவிடக் கட்டணம் அதிகம். ஏற்கெனவே கட்டணம் கட்டிக் கை சுட்டுக்கொண்டவர் யாரோ விற்பார், அவரிடம் வாங்குங்கள். நட்சத்திரக் கார்டுகளில் வேறு ஆபத்து. ஒரு விற்பனையாளரிடம் கோஃபாக்ஸ் ஒன்றை வெறும் கார்டாக வாங்கினேன். மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஓரம் வெட்டப்பட்டது என்று எண்ணே போடாமல் திரும்பி வந்தது. அப்புறம்தான் வேறொரு கார்டின் மேல் வைத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் மயிரிழை குட்டை.

அதனால் என் கணக்கு இது. என்றாவது செட்டை விற்கும் எண்ணம் இருந்தால் பிஎஸ்ஏ 5, 6. வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு என்றால் அதே கிரேடில் எஸ்ஜிசி. எதுவானாலும் படம் நடுவில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாதியில் கட்சி மாறாதீர்கள். நான் அறுபது கார்டுக்குப் பிறகு பிஎஸ்ஏவிலிருந்து மாறி, அத்தனைக்கும் மறுபடி அழுதேன்.

340-ஐத் தவிர எண் இல்லாத சரிபார்ப்புப் பட்டியல் கார்டுகள் இரண்டு உண்டு. அந்தக் காலத்துப் பையன்கள் கிடைத்த கார்டுகளுக்கெல்லாம் அதில் டிக் போட்டுவிடுவார்கள், எனவே சுத்தமானது கிடைப்பது கஷ்டம். என்னிடம் இருப்பதில் பென்சில் டிக்குகள், பாதிக்கு மேல் காலி. அனுப்பினால் ‘எம்கே’ (கிறுக்கல் உள்ளது) என்று கறை குத்தித்தான் வரும். அதை மட்டும் பெட்டியில்லாமலே வைத்திருக்கிறேன்.