ஹெட் கழற்றக் கொடுத்தால் வண்டி பக்கத்திலேயே நில்லுங்கள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள்.

எங்களுடையது 1978 மாடல், மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஊரில் பாதிப் பேர் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தபோதும் அப்பா மசியவில்லை. மாசி மாதம் பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது நடுப்புணிக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் ஓஸ் கிழிந்து வண்டி கொதித்துவிட்டது. மறுநாள் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஹெட் என்பது எஞ்சின் பிளாக்கின் மேல் மூடி, இரண்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கிற தகடுதான் கேஸ்கட். அதுவரை யார் மேலும் தப்பில்லை.

பக்கத்துப் பட்டறையில் விட்டேன். பையன்கள் எல்லாம் "ஆசான்" என்று கூப்பிடுகிற ஆள்தான் முதலாளி. ஹெட்டைக் கழற்றி, பேஸிங் போட்டு (அடிமுகத்தை மிஷினில் சமமாகச் சீவி), கேஸ்கட் மாற்றி 11,400 ரூபாய் என்றார். சரி என்றேன்.

அன்று மதியம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். ஆசான் சாப்பிடப் போயிருந்தார். ஒரு பையன் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். "என்னப்பா இது?" என்றேன். "இளகலீங்ண்ணா, ரெண்டு போடு போட்டா வந்துரும்" என்றான். வால்வுகளைத் திறக்க உதவுகிற கம்பிகளான எட்டு புஷ் ராடும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி நின்றன. எது எந்த வால்வுடையது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். எனக்கு அப்போது இதெல்லாம் புரியவில்லை. வேலை தெரிந்தவன் செய்கிறான் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த டீயை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வண்டி வந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் பால் காபி. ஆசானிடம் போனால், "பழைய வண்டியல்லே, அப்படித்தான் இருக்கும்" என்றார். மறுபடி கழற்ற மறுபடி காசு கேட்டார்.

மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றினோம். அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான் முதலில் நடந்த கூத்து புரிந்தது. வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. முதலில் தண்ணீரை இறக்கினார். இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடிக்கிற நட்டுகள் பதினொன்று. அதில் நான்கு, வால்வுகளை அமுக்குகிற ராக்கரையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கரைத்தானே எடுக்கிறோம் என்று அந்த நான்கை மட்டும் முழுக்கத் திருகி எடுத்தால் ஹெட் கோணிக்கொள்ளும். அதனால் பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றித் தளர்த்தினார். புஷ் ராடுகளை ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதிச் செருகி வைத்தார். ஹெட் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. உளியைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் மரக்கட்டையை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினார். 'டொப்' என்று சின்னதாக ஒரு சத்தம். அப்புறம் இரண்டு பேர் பிடித்து, அந்த நட்டுகள் மாட்டுகிற திருகுக் கம்பியான ஸ்டட்டில் இடிக்காமல் நேராக மேலே தூக்கினோம்.

கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் ஒழுகலை அடைக்கிற பேஸ்ட் அப்பிக் கிடந்தது. ஹெட்டை வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூர் லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்தார். நேரான இரும்புப் பட்டையை மேலே வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நடுவில் ஒளி கோடாகக் கசிந்தது, அதாவது முகம் சமமாக இல்லை. ஓரத்தில் மூன்று உளிக் காயம், அதில் ஒன்று தண்ணீர் ஓட்டை வரைக்கும். பழைய கேஸ்கட் வளையத்தின் தடம் கறுப்பாக அப்படியே பதிந்திருந்தது. அதை விரலால் தடவிவிட்டு, "இதுல மிஷினே படலையே தம்பி" என்றார். பேஸிங்குக்கு நான் கொடுத்திருந்தது 1,800 ரூபாய்.

ஹெட்டைச் சரி செய்துவிடலாம். உளி பிளாக்கின் முகத்தையும் கிழித்திருக்கிறது. அதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும்.

ஆகவே, ஹெட் கழன்றதும் போன் பண்ணச் சொல்லுங்கள். பட்டை வைத்துப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். பேஸிங் போட்டு வந்த ஹெட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக மிஷின் பட்ட இரும்பு ஒரே மாதிரி பளபளக்கும், யார் கண்ணுக்கும் தெரியும். "ஆசானுக்குத் தெரியாததா" என்று கூச்சப்பட்டதற்கு நான் கொடுத்த விலைதான் எஞ்சினையே இறக்க வேண்டி வந்தது.

பாலக்காடு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் மச்சான். பில் எங்கே என்று கேட்டால் என்னிடம் இருப்பது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் மலையாளத்தில் எழுதிக்கொடுத்த நான்கு வரிக் கணக்கு. கையெழுத்துக்கூடக் கிடையாது. மூன்றாவது வரி, பேஸிங் 1,800.