லண்டனுக்குள் காரில் நுழைவோருக்கு யூலெஸ்: சேவை எப்படி இருக்கிறது?

லண்டனின் மிகக் குறை உமிழ்வு மண்டலமான யூலெஸ் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அரசியல் வாதமாகவே இருக்கிறது. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், நகருக்குள் காரை ஓட்டிச் செல்ல வேண்டியவருக்கு அது முதலில் ஒரு கட்டணச் சேவைதான். அது எவ்வளவு தெளிவாக நடந்துகொள்கிறது, வாங்கும் பணத்துக்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது என்பதையே இங்கே பார்க்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: விதி எளியது, வண்டியைச் சரிபார்க்கும் இணையப் பக்கம் மிக நன்று, ஆனால் தெரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதையும் ஓட்டுநரின் தலையில் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கும் சேவை இது.

2019 ஏப்ரல் 8 அன்று மத்திய லண்டனில் மட்டும் தொடங்கிய மண்டலம், 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரை விரிந்து, 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரத்தின் எல்லா வட்டாரங்களையும் உள்ளடக்கிவிட்டது. ஹாரோவும் க்ராய்டனும் ஹீத்ரோ விமான நிலையமும் இப்போது எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. நகரைச் சுற்றியோடும் எம்25 நெடுஞ்சாலை மட்டும் வெளியே நிற்கிறது. குறித்த உமிழ்வுத் தரத்தை எட்டாத கார், மோட்டார் சைக்கிள், 3.5 டன் வரையிலான வேன் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் நாள் தவிர ஆண்டு முழுவதும், இரவு பகல் எந்நேரமும் இது பொருந்தும். கனரக லாரிகளுக்கு 2008 முதலே வேறொரு மண்டலம் நடைமுறையில் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லையில் சுங்கச்சாவடியோ தடுப்புக் கம்பியோ கிடையாது. பச்சை நிறப் பலகை ஒன்று கண்ணில் படும், பதிவெண்ணைப் படிக்கும் கேமராக்கள் தம் வேலையைச் செய்யும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்தாமல் போக முடிவது வசதிதான். ஆனால் கடன்பட்டுவிட்டோம் என்பதை அந்தக் கணத்தில் யாரும் சொல்வதில்லை. பயணம் செய்த நாளுக்குப் பின்வரும் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை பணம் கட்டலாம் என்ற சலுகை தாராளமானதே. இருந்தாலும் கட்ட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். தெரியாதவருக்கு முதல் தகவலே வண்டியின் பதிவு உரிமையாளர் பெயருக்கு வரும் 180 பவுண்டு அபராதக் கடிதமாக இருக்கும். 14 நாள்களுக்குள் கட்டினால் அது 90 ஆகக் குறையும். பதிவெண்ணை நொடியில் படித்துவிடும் ஓர் அமைப்பு, அபராதத்துக்கு முன்பாக ஒரு நினைவூட்டலையாவது அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்வது, மண்டலத்தை நடத்தும் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி தர வேண்டியதில்லை. பதிவெண்ணையும் அது பதிவான நாட்டையும் கொடுத்தால், உங்கள் வண்டிக்கு எந்த மண்டலத்தில் எவ்வளவு கட்டணம் என்ற விடை உடனே வந்துவிடுகிறது. அரசுத் தளங்களில் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்பவை அரிது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை மட்டும் அந்த விடையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். பெட்ரோல் கார்களில் பொதுவாக 2006 முதல் பதிவானவை தேறிவிடும் என்றாலும், 2001 முதலே அந்தத் தரத்தை எட்டிய கார்கள் விற்பனையில் இருந்திருக்கின்றன. பதிவேட்டில் உமிழ்வு விவரம் இல்லாத வண்டியை அமைப்பு அதன் பதிவுத் தேதியை வைத்தே எடைபோடும். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் பதிவுச் சான்றிதழில் வி.3 என்று குறிக்கப்பட்ட கட்டத்தைப் பார்க்க வேண்டும். புகையில் வெளிவரும் மாசு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடின் அளவு அங்கே அச்சிடப்பட்டிருந்து, அது தரத்துக்குள் இருந்தால், ஆவணத்தை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி வண்டியின் விவரத்தைத் திருத்தக் கோரலாம். உற்பத்தியாளர் தரும் இணக்கச் சான்றும் ஏற்கப்படுகிறது. 40 ஆண்டுகளைக் கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு வரலாற்று வாகனம் என்ற வகையில் விலக்கு உண்டு.

பெரும்பாலோருக்கு எரிச்சலூட்டுவது தரத்தின் வரையறை. யூரோ என்று எண்ணிட்ட ஐரோப்பிய உமிழ்வு விதிகளின் படிநிலைகளில், பெட்ரோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6. ஆகவே 2006-இல் வாங்கிய பெட்ரோல் கார் செலவில்லாமல் உள்ளே போக, 2014-இல் வாங்கிய டீசல் கார் பெரும்பாலும் பணம் கட்டுகிறது. எட்டு ஆண்டு புதிய வண்டிக்குத் தண்டனையா என்று கேட்பது இயல்புதான். ஆனால் எண்களைப் பார்த்தால் இதில் பாரபட்சம் இல்லை. யூரோ 4 பெட்ரோல் காருக்கு அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.08 கிராம், யூரோ 6 டீசலுக்கும் அதே 0.08 கிராம்தான். இடையில் வந்த யூரோ 5 டீசலுக்கு 0.18, யூரோ 4 டீசலுக்கு 0.25 என்று விட்டுவைத்திருந்தார்கள். இரண்டு எரிபொருளுக்கும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். டீசல் அந்தக் கோட்டைத் தொட வெகு காலம் எடுத்துக்கொண்டது. கோபத்துக்கு நியாயமான காரணம் வேறிடத்தில் இருக்கிறது. 2001 முதல் பிரிட்டனின் வாகன வரி கரியமில வாயு அளவைக் கொண்டு கணக்கிடப்பட்டு, அதைக் குறைவாக வெளியிடும் டீசல் காரை வாங்கியவர்களுக்குச் சலுகை தந்தது. அரசின் பேச்சைக் கேட்டு வாங்கியவர்களே பின்னர் கட்டணம் கட்டும் வரிசையில் நின்றார்கள்.

இந்தக் கோட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. தரம் என்பது ஆய்வகச் சோதனையில் பெற்ற சான்று. அந்தச் சோதனையை மென்பொருள் கொண்டு ஏமாற்ற முடியும் என்பதை 2015 செப்டம்பரில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் மோசடி உலகுக்குக் காட்டியது. சாலையிலேயே வைத்து அளக்கும் சோதனை புதிய மாடல்களுக்கு 2017 செப்டம்பரில்தான் கட்டாயமானது. அதற்கு முன் வந்த யூரோ 6 டீசல்களில் பல, சாலையில் ஓடும்போது அந்த வரம்பைப் பன்மடங்கு தாண்டியும், கட்டணமின்றி மண்டலத்துக்குள் போய்வருகின்றன. புகைக்குழாயைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கும் ஏற்பாட்டில் இதைத் தவிர்க்க முடியாது. இத்தனைக்கும் மேயர் அலுவலகம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த மண்டலங்கள் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிடும்போது, லண்டன் சாலையோரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு 27 சதவீதம் குறைந்திருப்பதாகக் கணக்கிடுகிறது. காற்றுக்கு நல்லது நடந்திருக்கிறது என்பதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் கட்டணத்தின் அலகு மொண்ணையானது. எல்லையில் ஒரு மைல் உள்ளே போய்த் திரும்பினாலும், நாள் முழுதும் நகரைச் சுற்றினாலும் அதே 12.50 பவுண்டு. நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் என்பதால், இரவு பதினொன்றரைக்கு உறவினரை அழைத்துவர உள்ளே போய்ப் பன்னிரண்டரைக்கு வெளியே வருபவர் இரண்டு நாள் கட்டணம் செலுத்த வேண்டும். வண்டியை அசைக்காமல் நிறுத்தி வைத்த நாளுக்குக் கட்டணமில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பணம் கட்டும் வழிகளில் குறை சொல்ல அதிகமில்லை. இணையதளம், கைப்பேசிச் செயலி, தொலைபேசி மூன்றும் உண்டு. 90 நாள் முன்னதாகவே கட்டி வைக்கவும் செய்யலாம். மாதம் ஒருமுறையாவது உள்ளே போகிறவர் ஆட்டோ பே கணக்கைத் தொடங்கிவிடுவதே நல்லது. கேமரா பார்த்த நாள்களுக்கான தொகையை அதுவே கூட்டி மாதாமாதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்கில் ஐந்து வண்டிகள் வரை சேர்க்கலாம். முன்பு இருந்த ஆண்டுக் கட்டணம் 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. காரை விற்றால் அன்றே கணக்கிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவருடைய பயணங்களும் உங்கள் கணக்கில் ஏறும். தேடுபொறியில் முதலில் வரும் தளம் அதிகாரபூர்வமானதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடுகின்றன.

யூலெஸ் தேறிவிட்டது என்றாலே லண்டன் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் குழப்பத்துக்குச் சேவையின் அடுக்கடுக்கான அமைப்பே காரணம். மத்திய லண்டனில் 2003 முதல் வசூலிக்கப்படும் நெரிசல் கட்டணம் தனி. தரம் எட்டாத டீசல் காரில் வார நாளின் பகலில் அங்கே போகிறவர் இரண்டையும் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 7 முதல் தேம்ஸ் நதியின் கீழ் செல்லும் பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கப்பாதைகளுக்கும் காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம் உண்டு. மின்சாரக் காருக்கு இருந்த நெரிசல் கட்டண விலக்கும் 2025 டிசம்பரோடு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு, எல்லை வேறு. ஆட்டோ பே இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கவனித்துக்கொள்வதே அதன் உண்மையான பயன்.

லண்டனைத் தாண்டினால் அந்தக் கணக்கும் உதவாது. 2021 முதல் பர்மிங்காமும் 2022 முதல் பிரிஸ்டலும் நடத்தும் தூய காற்று மண்டலங்களுக்கு அரசின் வேறொரு தளத்தில் கட்ட வேண்டும்; அங்கே கெடு ஆறு நாள். கிளாஸ்கோவில் 2023 முதல் தரம் எட்டாத வண்டி நுழைவதற்கே தடை. கட்டணம் செலுத்தி உள்ளே போகும் வழி கிடையாது, நுழைந்தால் அபராதம்தான். ஜெர்மனியில் 2008 முதல் நடைமுறையில் இருக்கும் பச்சை வில்லையோ ஒருமுறை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் அந்நாட்டின் எல்லா மண்டலங்களுக்கும் போதும், பதிவெண் மாறும் வரை மீண்டும் வாங்க வேண்டியதில்லை. பயணியின் கண்ணோட்டத்தில் அதுவே மேலான ஏற்பாடு. ஐரோப்பாவிலிருந்து வெளிநாட்டுப் பதிவெண் காரோடு கடல் கடந்து லண்டனுக்கு வருபவர்கள், வண்டி தரத்தை எட்டியிருந்தாலும், அதை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் பதிவேட்டில் அந்த வண்டி பற்றிய விவரம் இல்லாததால், பதிவு செய்யாதவருக்கு அபராதக் கடிதம் வீடு தேடி வர வாய்ப்புண்டு. வாடகைக் கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதால் யூலெஸ் பற்றிக் கவலை குறைவு. ஆனால் நெரிசல், சுரங்கப்பாதைக் கட்டணங்களை யார் கட்டுவது என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், ஏனெனில் தவறினால் அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேரும்.

பழைய டீசல் காரை மாற்றுவதா, கட்டணத்தைக் கட்டிக்கொண்டே ஓட்டுவதா என்று கேட்பவர்களுக்கு விடை எத்தனை முறை உள்ளே போய்வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதத்தில் 20 நாள் உள்ளே போனால் 250 பவுண்டு ஆகிறது. அந்த நிலையில் கார் மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது. தரம் எட்டாத பழைய காரை உடைத்துக் கழிப்பதற்கு லண்டன்வாசிகள் பெற்றுவந்த 2,000 பவுண்டு உதவித்திட்டமும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வருகிறவர் பேசாமல் 12.50 கட்டிவிடலாம். அதையும் கட்ட மனமில்லாதவர் லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைன் தடத்தில் கடைசி நிலையமான எப்பிங் போன்று மண்டலத்துக்கு வெளியே இருக்கும் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறலாம். குடும்பத்தோடு வரும்போது நிறுத்தக் கட்டணத்தையும் ஒவ்வொருவருக்குமான பயணச்சீட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் யூலெஸ் கட்டணமே மலிவாக முடியும்.