"இந்திய ஐசியு அனுபவம் போதும்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் மயக்க மருந்து நர்ஸ் ஆக, அதாவது சிஆர்என்ஏ படிக்க நினைக்கும் நம்மூர் நர்ஸ்கள் யாருக்காவது பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 3,200 டாலரும் ஒன்றரை வருஷமும் போன பிறகு எழுதுகிறேன்.

சென்னையில் இதய அறுவை சிகிச்சை ஐசியுவில் ஆறு வருஷம் இருந்தேன். பைபாஸ் முடிந்து வென்டிலேட்டரோடு வரும் நோயாளியை வாங்கி, ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டும் ஆர்ட்டீரியல் லைன் அலையைப் பார்த்துக்கொண்டே, பிரஷரைத் தூக்கும் நார்அட்ரினலின் மருந்தை ஏற்றி இறக்கி, விடியும்வரை கட்டிலை விட்டு நகராத இரவுகள் எத்தனையோ. டெக்ஸாஸுக்கு வந்தபோது கிடைத்தது ஸ்டெப்டவுன் வார்டு, அதாவது ஐசியுவுக்கும் சாதாரண வார்டுக்கும் நடுவில் இருப்பது. ஒரு ஷிஃப்டுக்கு நான்கு நோயாளிகள். வென்டிலேட்டர் கிடையாது, பிரஷர் விழுந்தால் ஐசியுவுக்கு மாற்றிவிடுவோம்.

அப்போதுதான் சிஆர்என்ஏ கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் ஒரு கன்சல்டன்ட் அறிமுகமானார். தமிழ்க்காரர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். முதல் போனிலேயே கேட்டேன்: "அக்கா, என் ஐசியு வேலையெல்லாம் இந்தியாவுல பார்த்தது. ஒத்துப்பாங்களா?"

"ஐசியு எங்க இருந்தாலும் ஐசியுதாம்மா. அவங்க ஒரு வருஷம் கேக்கறாங்க, நீ ஆறு வருஷம் வச்சிருக்க. முதல் தவணையைப் போடு."

போட்டேன். ரெஸ்யூமே, கட்டுரை, நேர்காணல் பயிற்சி என்று அடுத்தடுத்து தவணைகள். ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் தனி. அது திரும்பி வராது. நான்கு கல்லூரிகள் காரணம் சொல்லாமலே நிராகரித்தன. ஐந்தாவதிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "உங்கள் யூனிட்டில் வாசோபிரஸர் டைட்ரேட் செய்வது யார்?" என்று கேட்டார், அதாவது பிரஷர் மருந்தை ஏற்றி இறக்குவது யார் என்று. ஸ்டெப்டவுனில் இருப்பவளிடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் ரெஸ்யூமேவில் ஸ்டெப்டவுன் என்பதை 'கிரிட்டிக்கல் கேர்', அதாவது தீவிர சிகிச்சை என்று கன்சல்டன்ட் மாற்றி அனுப்பியிருக்கிறார். பணத்தைவிட என்னைச் சுட்டது அதுதான். பொய் சொன்னவள் என்று என் பெயர் அங்கே நின்றிருக்கும். போன் செய்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படாமல் விதியை எடுத்து அனுப்பினார்.

விதி இதுதான். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஓஏ என்ற அமைப்பு கேட்பது, குறைந்தது ஒரு வருஷம் முழுநேரம், அல்லது அதற்கு ஈடான பகுதிநேரம், கிரிட்டிக்கல் கேரில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்த்த அனுபவம். அந்த வேலை அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பார்த்ததாக இருக்கவேண்டும். வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன், பிரஷர் மருந்து சொட்டுகள் போன்றவை அங்கே அன்றாட வேலையாக இருக்கவேண்டும். பெயர்ப்பலகையில் ஐசியு என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பல கல்லூரிகள் இரண்டு வருஷம் எதிர்பார்க்கின்றன. எமர்ஜென்சி, ரெக்கவரி ரூம் அனுபவத்தை ஏற்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

கன்சல்டன்டிடம் கேட்டபோது "பாலிசி இப்பத்தான் மாறிடுச்சும்மா" என்றார். 2022ல் மாறியது வேறு. அந்த வருஷத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் டாக்டரேட் நிலையில்தான் படிக்கவேண்டும், குறைந்தது மூன்று வருஷம். அதற்கும் என் அனுபவத்துக்கும் சம்பந்தமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது அதே மருத்துவமனையில் மெடிக்கல் ஐசியுவுக்கு மாறி, நைட் டூட்டி பார்க்கிறேன். கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அக்காவை நம்பாமல் முதல் நாளே மாறியிருந்தால் என் ஒரு வருஷம் எப்போதோ முடிந்திருக்கும்.

நீங்கள் எந்தக் கல்லூரிக்குப் போடுவதாக இருந்தாலும், அவர்களுக்கே நேரடியாக மெயில் போடுங்கள். எந்த நாட்டில், எந்த யூனிட்டில், என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதி, இது கணக்கில் வருமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். உங்கள் பெயரில் போகும் ரெஸ்யூமேவை வரிவரியாக நீங்களே படியுங்கள். அந்த அக்கா இன்னமும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார், போன வாரம்கூட என் தோழிக்கு வந்தது. முதல் வரியே "இந்திய ஐசியு அனுபவம் போதும்" என்பதுதான்.