படிவத்திலிருந்து பிராதுக்கு: இமிக்ரேஷன் வக்கீல்களுக்கான பெடரல் கோர்ட் பயிற்சி, ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் இமிக்ரேஷன் வக்கீல் ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் நன்றாகத் தொழில் நடத்திவிட்டு, ஒரு தடவைகூட பெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமல் இருந்துவிட முடியும். ஏதாவது ஒரு மாநிலத்தில் பதிவு இருந்தால் போதும், இமிக்ரேஷன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் துறையான யுஎஸ்சிஐஎஸ் முன்பும் இமிக்ரேஷன் கோர்ட்டிலும் நாடு முழுக்க ஆஜராகலாம். பெடரல் மாவட்ட நீதிமன்றம் அப்படியில்லை. அங்கங்கே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டும். இந்த வாசலைத் தாண்டவைப்பதாகச் சொல்லி விற்கப்படும் இரண்டு நாள் தொடர்கல்விப் பயிற்சி ஒன்றின் ஒளிப்பதிவைப் பற்றியது இந்த மதிப்புரை. மொத்தம் 12 மணி நேரம். கூடவே மாதிரி மனுக்கள் அடங்கிய கோப்பு ஒன்று. பதிவானது 2024 இலையுதிர் காலத்தில். இந்தத் தேதி முக்கியம், பின்னால் புரியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் நாளுக்காகவே வாங்கலாம். இரண்டாம் நாளில் பாதி அவசர கதி. மாதிரிக் கோப்பை அப்படியே எடுத்துத் தாக்கல் செய்தால் ஆபத்து.

முதல் நாள் காலை முழுவதும் தாமத வழக்குகள்தான். விண்ணப்பம் வருடக்கணக்கில் கிடக்கிறது, முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று கேட்கும் வழக்கு. நிறைய வக்கீல்கள் இதை ‘மாண்டமஸ்’ என்று ஒரே சொல்லில் சொல்லி, 28 யுஎஸ்சி (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு) 1361-ஐ மட்டும் பிராதில் எழுதுவார்கள். பயிற்சி இங்கேயே திருத்துகிறது. 1361-ஓடு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 555(பி), 706(1) இரண்டையும் தனிக் கோரிக்கைகளாக வைக்க வேண்டும். அதிகார வரம்புக்கு 1331 வேண்டும். மாண்டமஸ் கோரிக்கை கீழே விழுந்தாலும் 706(1) நிற்கும்.

அடுத்து டிராக் காரணிகள். தாமதம் நியாயமற்றதா என்று எடைபோட 1984-இல் டி.சி. சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த ஆறு. எல்லாப் பயிற்சிகளிலும் இந்த ஆறையும் வரிசையாகத் திரையில் போட்டுப் படிப்பார்கள். இங்கே ஒவ்வொரு காரணிக்கும் எந்தக் காகிதம் இணைப்பாகப் போக வேண்டும் என்று காட்டுகிறார்கள். மனித நலனுக்குப் பாதிப்பு என்று வெறுமனே எழுதினால் போதாது. வேலை பறிபோன கடிதம், காலாவதியான டிரைவிங் லைசென்ஸ், ஊரில் நோயாளியாகக் கிடக்கும் தாயின் மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றும் உறுதிமொழிப் பத்திரத்தோடு போக வேண்டும். அரசு வக்கீலின் பலமான ஆயுதம் நான்காவது காரணி: “இவருக்கு முன்னுரிமை கொடுத்தால் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் பின்னால் போவார்கள்.” அதற்குப் பதில், அந்த வரிசையே ஒழுங்காக ஓடவில்லை என்று காட்டுவது. இவருக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்களுக்கு முடிவு வந்திருந்தால் அதைப் பிராதிலேயே சொல்லிவிட வேண்டும், தள்ளுபடி மனு வந்த பிறகு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

எங்கே வழக்குப் போடுவது என்ற பகுதியும் அருமை. 1391(இ) மூன்று வழி தருகிறது: பிரதிவாதி இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், நிலம் சம்பந்தப்படாத வழக்கானால் வாதி வசிக்கும் இடம். தலைமையகம் வாஷிங்டனில்தானே என்று டி.சி.யில் போடுவது பழைய பழக்கம். யுஎஸ்சிஐஎஸ் தலைமையகம் இப்போது மேரிலாந்தின் கேம்ப் ஸ்பிரிங்ஸில் இருக்கிறது. தலைமையகத்தைத் தவிர வேறு தொடர்பில்லாத வழக்குகளை டி.சி. நீதிபதிகள் வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். டிராக் காரணிகளை வைத்து ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யும் தீர்ப்புகளும் அங்கே நிறைய. வாதி வசிக்கும் மாவட்டத்தின் தீர்ப்புகளை, பெடரல் நீதிமன்ற ஆவணங்கள் கிடைக்கும் இணையதளமான பேசரில் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு முடிவு செய்வதே நல்லது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இந்தச் செலவுக்குப் பயந்து யாரும் கண்ணை மூடிக்கொண்டு வழக்குப் போட வேண்டியதில்லை.

இந்தியர்களின் கிரீன் கார்டு விஷயத்தில் பயிற்றுநர் நேர்மையாகப் பேசுகிறார். இபி-2, இபி-3 என்ற வேலைவழிப் பிரிவுகளில் முன்னுரிமைத் தேதிக்கான வரம்பு பின்னால் போய் விசா எண்ணே இல்லாமல் நிற்கும் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குத் தாமத வழக்குப் போடுவது பெரும்பாலும் எடுபடாது. எண் இல்லாமல் ஒப்புதல் தர அதிகாரிக்குச் சட்டமே இடம் தரவில்லை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து பத்து வருடமாகக் காத்திருப்பவர்களிடம் பீஸ் வாங்கும் முன் இதைச் சொல்வது வக்கீலின் கடமை. பயிற்சி இதை அழுத்திச் சொன்னதற்கே ஒரு நன்றி.

குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தனி வழி உண்டு. 8 யுஎஸ்சி 1447(பி)-யின்படி நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் வாதி வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, விண்ணப்பித்த நாளிலிருந்து 120-ஐ எண்ணுவது. நேர்காணலே நடக்காவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. தாமத வழக்காகத்தான் போட வேண்டும்.

மதியம் சம்மன் சார்வு, அதாவது வழக்குக் காகிதங்களைப் பிரதிவாதிகளிடம் முறைப்படி சேர்ப்பது. இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கொடுக்கலாம். அரசு மீதான வழக்கில் பெடரல் சிவில் நடைமுறை விதி 4(ஐ) மூன்று திசையில் சார்வு கேட்கிறது: அந்த மாவட்டத்தின் யு.எஸ். அட்டர்னி அலுவலகம், வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல், பிறகு வழக்கில் பெயர் வந்த ஒவ்வொரு துறையும் அதிகாரியும். பயிற்றுநர் மேசைமேல் உறைகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் சம்மன், பிராது, இணைப்புகள் என்று அடுக்கிக் காட்டுகிறார். யு.எஸ். அட்டர்னிக்குப் போகும் உறையில் ‘சிவில் பிராசஸ் கிளர்க்’ என்று எழுதியிருக்க வேண்டும். தபாலில் அனுப்புவதானால் விதி சொல்வது ரெஜிஸ்டர்டு அல்லது சர்ட்டிஃபைட் மெயில்; கூரியரில் அனுப்பிவிட்டு ரசீதைக் காட்டினால் அரசு வக்கீல் ஆட்சேபிக்கலாம். தபால் துறையின் பச்சை நிற ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்து சார்வுச் சான்றோடு தாக்கல் செய்ய வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், அரசு பதில் தர வேண்டிய 60 நாள் யு.எஸ். அட்டர்னிக்குச் சார்வான நாளிலிருந்துதான் ஓடும். துறைக்கு மட்டும் அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தால், கடிகாரம் தொடங்கவே இல்லை என்று அப்புறம்தான் தெரியும். தாமதத்துக்கு எதிரான வழக்கே தாமதமாகிவிடும். வழக்குப் போட்ட 90 நாளுக்குள் சார்வு முடிய வேண்டும் என்ற 4(எம்) வேறு பின்னால் நிற்கிறது. அதிகாரி பதவி மாறினால் பயப்பட வேண்டாம், 25(டி)-யின்படி புதியவர் தானாகவே பிரதிவாதி ஆகிவிடுவார்.

முகப்புப் படிவம் ஜேஎஸ்-44-இல் வழக்கின் தன்மைக்கு எந்த எண்ணைக் குறிப்பது என்பதையும் விடவில்லை. குடியுரிமைக்கு 462, காவலில் இருப்பவரின் ஆட்கொணர்வு மனுவுக்கு 463, மற்ற இமிக்ரேஷன் வழக்குகளுக்கு 465. சாதாரண விஷயம் போலத் தோன்றும். ஆனால் விதி 5.2(சி)-யின்படி இமிக்ரேஷன் வழக்கின் ஆவணங்களை வெளியார் இணையத்தில் திறந்து படிக்க முடியாது. எண் தப்பாகப் போனால் அந்தப் பூட்டு விழாமல் போய்விடக்கூடும். பூட்டு விழுந்தாலும் வழக்குப் பட்டியலும் நீதிபதியின் உத்தரவுகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அகதிப் பாதுகாப்புக் கேட்பவரின் பெயர் வெளியே வரக்கூடாது என்றால் புனைபெயரில் வழக்காட அனுமதி கேட்டுத் தனி மனு போட வேண்டும். பயிற்சி இதை ஒரே வரியில் கடந்தது; மாதிரி மனு ஒன்று வைத்திருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை, தெளிவில்லாத சட்டத்துக்குத் துறை தரும் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற செவ்ரான் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கைவிட்ட லோப்பர் பிரைட் தீர்ப்புக்கு இரண்டு மணி நேரம். அப்போது சூடான விஷயம், 2024 ஜூன் 28-இல்தான் தீர்ப்பு வந்திருந்தது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கையில் எடுத்துப்போக ஒன்றுமில்லை.

அந்த நேரத்தை நாடுகடத்தல் உத்தரவுக்கு எதிரான மறுஆய்வு மனுவுக்குக் கொடுத்திருக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றமான சர்க்யூட் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் போட வேண்டிய மனு இது. தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, கிளர்க் கைக்கு வந்த நாள்தான் கணக்கு. இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியத்தில் வழக்கை மீண்டும் திறக்கச் சொல்லி மனு போட்டால் இந்தக் கெடு நிற்கும் என்று நினைத்துக் கெட்டவர்கள் உண்டு. நிற்காது. 1995-இல் ஸ்டோன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; இரண்டு உத்தரவுக்கும் இரண்டு மனு. மனு போட்டதாலேயே நாடுகடத்தலும் நிற்காது. தடை வேண்டுமானால் நிகென் வழக்கின் நான்கு அம்சங்களையும் நிரூபித்துத் தனியாகக் கேட்க வேண்டும். இவை எல்லாம் பயிற்சியில் சரியாகவே வருகின்றன.

ஆனால் 30 நாள் கெடு நீதிமன்றத்தின் அதிகார வரம்பையே பறிக்கும் என்று ஒளிப்பதிவு அடித்துச் சொல்கிறது. 2025 ஜூன் 26-இல் ரைலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கெடு இப்போது நடைமுறை விதிதான். அதற்காக அசட்டையாக இருந்துவிட முடியாது, அரசு ஆட்சேபித்தால் மனு போயே போச்சு. அதைவிடப் பெரிய சிக்கல் அதே தீர்ப்பில் இருக்கிறது: சித்திரவதைத் தடுப்பு ஒப்பந்தத்தின்கீழ் பாதுகாப்பு மறுக்கும் உத்தரவு, நாடுகடத்தும் இறுதி உத்தரவு ஆகாது. அந்த வகை விசாரணைகளில் 30 நாள் ஓடத் தொடங்குவது மூல நாடுகடத்தல் உத்தரவிலிருந்து. பழைய பாடத்தை நம்பி வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர் மாட்டிக்கொள்வார்.

ஆட்கொணர்வு மனுவுக்கு ஒதுக்கியது 45 நிமிடம். 2024-இல் அது போதுமென்று தோன்றியிருக்கலாம். இன்றைக்கு அறவே போதாது. 2025 செப்டம்பரில் யஹூரே ஹுர்த்தாதோ முடிவில், அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவர்களுக்கு ஜாமீன் விசாரணையே கிடையாது என்று வாரியம் சொன்ன பிறகு, மாவட்ட நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுக்கள் குவிந்தன. ஏராளமான நீதிபதிகள் வாரியத்தின் வாதத்தை ஏற்கவில்லை. மனுவுக்குக் கட்டணம் 5 டாலர்தான். கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. மனு போட வேண்டியது ஆள் அடைபட்டிருக்கும் மாவட்டத்தில். 2025 ஏப்ரலில் ஜே.ஜி.ஜி. வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றும் முன் தாக்கல் செய்துவிட்டால் அதிகார வரம்பு அந்த நீதிமன்றத்திலேயே தங்கும். அதனால் இரண்டு பக்க மனுவையாவது உடனே போட்டுவிட்டு, விரிவான மனுவைப் பிறகு சேர்ப்பதே சரி.

இந்தப் பகுதியில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு துரைசிங்கம். இலங்கைத் தமிழர் விஜயகுமார் துரைசிங்கம் கலிபோர்னியாவில் எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். திரும்பிப் போனால் ஆபத்து என்ற அவருடைய அச்சத்தை அதிகாரிகள் ஏற்கவில்லை. துரித நாடுகடத்தலில் அந்த முடிவை ஆட்கொணர்வு மனு வழியாகக் கேள்வி கேட்க முடியாது என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்கே நிற்கிறது, காவலையே எதிர்க்கும் மனுவை அது ஏன் தொடாது என்று பயிற்றுநர் பிரித்துக் காட்டியது தெளிவாக இருந்தது.

கடைசி அமர்வு வழக்குச் செலவு. இங்கேதான் பெரிய குறை. அரசிடமிருந்து வக்கீல் கட்டணம் பெறும் ஈஏஜேஏ சட்டம் 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. தீர்ப்பு இறுதியானதும் 30 நாளுக்குள் மனு, தனிநபரின் நிகரச் சொத்து 20 லட்சம் டாலருக்குள், மணிக்கு 125 டாலர் என்ற சட்ட விகிதத்தோடு விலைவாசி உயர்வு என்பது வரை சரி. சொல்லாமல் விட்டது, தாமத வழக்குகளில் இந்தப் பணம் பெரும்பாலும் கைக்கு வராது என்பதை. வழக்குப் போட்டதும் துறை அவசரமாக முடிவெடுத்துவிடும், வழக்கு செல்லாததாகிவிடும், நீதிமன்றம் உத்தரவே போட்டிருக்காது. 2001-இன் பக்கானன் தீர்ப்புக்குப் பிறகு உத்தரவு இல்லாமல் ‘வென்றவர்’ ஆக முடியாது. கட்சிக்காரரோடு போடும் கட்டண ஒப்பந்தத்தில் இது முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

மாதிரிக் கோப்புக்கு வருவோம். பிராதின் அமைப்பு சிக்கனமாக, பத்தி எண்களோடு, நன்றாக இருக்கிறது. ஆனால் தாக்கல் கட்டணம் 402 டாலர் என்று அச்சாகியிருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து 405. சர்க்யூட் நீதிமன்றத்துக்கு 500 என்று இருக்கிறது, இப்போது 600. பேச்சைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டுக் கோப்பைப் பழையபடியே விட்டிருக்கிறார்கள். அங்கீகரித்த விசா மனுவைத் துறை பின்னர் ரத்து செய்தால் எதிர்த்து வழக்காடும் மாதிரி ஒன்றும் உள்ளே இருக்கிறது. 2024 டிசம்பரின் பூவார்ஃபா தீர்ப்புக்குப் பிறகு அதை அப்படியே போட்டால் தள்ளுபடிதான்.

தொடர்கல்வி மணிக்கணக்குக்காக வாங்குபவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 50 நிமிடம் ஒரு மணி, கலிபோர்னியாவில் 60. கலிபோர்னியாவுக்கு மூன்று வருடத்தில் 25 மணி தேவை, நியூயார்க்கில் அனுபவமுள்ளவர்களுக்கு இரண்டு வருடத்தில் 24. இரண்டாம் நாளின் இடைவெளிகளை நிரப்ப அமெரிக்கன் இமிக்ரேஷன் கவுன்சில், நேஷனல் இமிக்ரேஷன் லிட்டிகேஷன் அலையன்ஸ் வெளியிடும் நடைமுறைக் குறிப்புகளைத் தேதி பார்த்துப் படிக்கலாம். ஒளிப்பதிவைத் தொடங்கும் முன்பே உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவுக்கும் மின்தாக்கல் கணக்குக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி வர நாளாகும், காவலில் இருப்பவரின் குடும்பம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போன் செய்யும்.