பூட்டா, ஒற்றா, பேச்சா?

பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தாயிற்று. இனி இணையத்தின் ஆபத்துகளிலிருந்து பிள்ளையைக் காப்பது எப்படி என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். பூட்டிவிடு, தெரியாமல் கண்காணி, உட்காரவைத்துப் பேசு. மூன்றையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்தவன் நான். இரண்டில் சூடும் பட்டவன்.

பூட்டு எளிது. கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017இல் வந்தது, ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் 2018இல். எந்தச் செயலியை நிறுவலாம், நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எப்போது போன் அடங்க வேண்டும் என்பதையெல்லாம் பெற்றோரே தீர்மானிக்கலாம். இன்னும் சுருக்கமான வழி ரவுட்டரில் இருக்கிறது. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் இணைய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். அதன் முகவரியாக 1.1.1.3 என்று போட்டால், கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் சேவை ஆபாசத் தளங்களையும் தீங்கான மென்பொருள் பரப்பும் தளங்களையும் வீடு முழுக்க மறித்துவிடும். காசு கிடையாது. ஏழு வயதுக் குழந்தைக்கு இது பெருமளவு போதும் என்பேன். அந்த வயதில் ஆபத்து பெரும்பாலும் விரல் தவறி எதையோ தொடுவதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வயதில் நிலைமை வேறு. வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டரின் பூட்டு பூட்டே இல்லை. இத்தகைய தடைகளைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் என்றால் என்ன என்று வகுப்பில் ஒருவனுக்குத் தெரிந்தால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். இவற்றையெல்லாம் அடைத்தாலும், டிஎன்எஸ் வடிகட்டிக்குத் தளங்களைத் தெரியுமே தவிர மனிதர்களைத் தெரியாது. நாமே அனுமதித்த விளையாட்டின் சாட்டில் வந்து வயதைக் கேட்பவரை அது எப்படி மறிக்கும்? ஆப்பிள் ஒரு படி மேலே போய், செய்தியில் வரும் நிர்வாணப் படங்களைச் சாதனத்துக்குள்ளேயே கண்டறிந்து மங்கலாக்குகிறது. பாராட்ட வேண்டிய வசதி. ஆனால் படத்துக்கு முன்னால் மூன்று வாரம் நடந்த தேனொழுகும் பேச்சு அதன் கண்ணில் படாது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று நாட்டுக்கே பூட்டுப் போட்டிருக்கிறது. 16ஆம் பிறந்தநாளில் அந்தப் பூட்டும் திறந்துகொள்ளும்.

ஒற்று பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் அதன் செய்திகளைப் பிரதியெடுத்து நமக்கு அனுப்பும் செயலிகள் உண்டு. அந்தச் செய்திகள் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் நம்மிடம் வருகின்றன. யாரிடமிருந்து காக்கக் கிளம்பினோமோ அவர்களைப் போன்ற அந்நியர்தான் அவர்களும். நான் வைத்ததை மகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை, இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கினாள்.

பேச்சிலும் நான் முதலில் சறுக்கினேன். விளையாட்டில் ஒருவர் அசிங்கமாக எழுதியதை அவள் வந்து காட்டியபோது, பதறிப்போய் டேப்லட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். நெடுநாள் அவள் எதையுமே காட்டவில்லை. சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் யார்தான் மறுபடி சொல்வார்கள்? அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுபவர்களின் பிழைப்பே இந்தப் பயத்தின் மீதுதான் நடக்கிறது. 'வீட்டில் சொன்னால் உன் கதி என்ன தெரியுமா?' என்பதுதான் அவர்கள் கையிலிருக்கும் ஆயுதம்.

பிறகு உபதேசத்தை விட்டுவிட்டு ஒத்திகை பார்த்தோம். ஒரு தாளில் அந்நியர் எழுதுவதுபோல் எழுதிக் கொடுத்தேன்: 'வணக்கம், உன் முகவரி என்ன?' படித்துவிட்டுச் சிரித்தாள். "இப்படி யாரும் கேட்க மாட்டார்கள் அப்பா. முதலில் விளையாட்டுப் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்ற இலவசமாக ஸ்கின் தருகிறேன் என்பார்கள். அப்புறம் வேறு ஆப்புக்கு வா என்பார்கள். யாரிடமும் சொல்லாதே என்பது கடைசியில்தான் வரும்." நான் கற்றுக்கொடுக்க உட்கார்ந்த பாடத்தை அவள் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன்.

அன்று இரண்டு முடிவுகள் எடுத்தோம். என்ன வந்து சொன்னாலும் போனைப் பிடுங்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மிரட்டல் வந்தால் பணமோ இன்னொரு படமோ அனுப்புவதில்லை, எதையும் அழிப்பதில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்துவிட்டு நேராக என்னிடம் வருவது என்று அவள் ஒப்புக்கொண்டாள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையையும் காட்டினேன். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவினால், படத்தை எங்கும் அனுப்பாமல் அதன் எண்வடிவக் கைரேகையை மட்டும் பதிந்துகொண்டு, சேர்ந்திருக்கும் தளங்களில் அதைத் தேடி நீக்க அது உதவும். சேராத தளங்களில் பலிக்காது.

பேச்சுக்கும் ஒரு குறை உண்டு. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு இருக்கும் பிள்ளைக்குப் பகலில் பேசியது நினைவில் நிற்காது. அதனால் ரவுட்டரில் 1.1.1.3 இன்றும் இருக்கிறது, ஒற்றுச் செயலி போய்விட்டது, அவள் போன் இரவு ஒன்பது மணிக்கே கூடத்து மேசையில் சார்ஜுக்குப் போகிறது. பக்கத்தில் என் போனும் கிடக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.