கொழுந்துக் கணக்கு ஆவணத் தளத்தில் டொக்சேர்ச்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை, வேலைநாள் கணக்கு, சம்பளச் சீட்டு ஆகியவற்றுக்குப் பயன்படும் ஒரு திறந்த மூல மென்பொருளின் ஆவணத் தளம் இது. ஆவணத் தளம் கட்டும் கருவியான டொக்கியுசோரஸில் கட்டியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் உண்டு. அல்கோலியா நிறுவனத்தின் டொக்சேர்ச் என்ற தேடல் சேவையைப் பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது.

முன்பு இருந்தது லுனர் என்ற தேடல் நிரல். தமிழ்ச் செருகல் சேர்க்காத லுனர், சொல்லின் இரு முனையிலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு அல்லாத எதையும் வெட்டிவிடும். தமிழ்ச் சொல்லில் வெட்டுப்படாத எழுத்தே கிடையாது. ஆகவே "சம்பளம்" என்று தேடினால் ஒரு பக்கமும் வராது.

டொக்சேர்ச் தொழில்நுட்ப ஆவணங்களுக்கு இலவசம். தளம் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் மூன்று விபரம் கிடைக்கும்: செயலி அடையாளம், தேடலுக்கு மட்டுமான சாவி, இன்டெக்ஸின் (தேடலுக்காகப் பக்கங்களைத் தொகுத்து வைத்த பட்டியலின்) பெயர். மூன்றையும் டொக்கியுசோரஸ் கொன்ஃபிக் கோப்பின் அல்கோலியா பகுதியில் போட்டால் பெட்டி வந்துவிடும். தேடல் சாவி வெளியே தெரியலாம். நிர்வாகச் சாவியைக் கிட் களஞ்சியத்தில் ஏற்றவே கூடாது.

பெட்டி வந்தும் முடிவு எதுவும் வராவிட்டால் முதலில் மொழி வடிகட்டியைப் பாருங்கள். டொக்கியுசோரஸ் தமிழ்ப் பக்கத்தில் தமிழ் முடிவை மட்டுமே கேட்கும். மொழியும் பதிப்பும் இன்டெக்ஸில் ஃபேசட்களாக (வடிகட்ட உதவும் புலங்களாக) பதிந்திருக்காவிட்டால் பூச்சியம்தான். தளத்தைப் படித்து இன்டெக்ஸை உருவாக்கும் கிரோலரின் கொன்ஃபிக்கில் உள்ள தொடக்க அமைப்புகளைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்டெக்ஸ் முதன்முதலில் உருவாகும்போது மட்டுமே அவை செல்லுபடியாகும். அல்கோலியா டாஷ்போர்டில் நேரடியாகத் திருத்துங்கள். இன்டெக்ஸை அழித்து மறுபடி உருவாக்குவதானால், சேர்த்து வைத்த ஒத்த சொற்களும் அதோடு போய்விடும். அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று களஞ்சியத்தில் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது அட்டவணை. டொக்கியுசோரஸுக்கான வழக்கமான கிரோலர் வார்ப்புரு அட்டவணையின் முதல் நிரலையும் கடைசி நிரலையும் மட்டுமே எடுக்கும். நமது பிழைப் பட்டியலில் மூன்று நிரல்: பிழை எண், திரையில் வரும் செய்தி, காரணம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசோடு நிற்பவர் பார்ப்பது நடு நிரலில் உள்ள செய்தியைத்தான். அதையே தட்டித் தேடுவார். ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் தனித் துணைத்தலைப்பாக மாற்றியதும் சரியாயிற்று. கட்டளைகள் உள்ள கோட் பெட்டிகளும் இன்டெக்ஸில் ஏறாது. முக்கியமான கட்டளையின் பெயரை மேலே உள்ள பத்தியிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

பழைய பதிப்புகளின் பக்கங்களைக் கூட்டமாக நீக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். இன்டெக்ஸில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கை 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் கிரோலர் புதிய இன்டெக்ஸை வெளியிடாமல் நிறுத்திவிடும். பாதி ஓடி நின்ற கிரோல் நல்ல இன்டெக்ஸைக் கெடுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது, தேவையானதுதான். ஆனால் பழைய இன்டெக்ஸ் அப்படியே நிற்பதால், முடிவை அழுத்துபவர் இல்லாத பக்கத்துக்குப் போய்ச் சேருவார். நீக்கிய அன்றே டாஷ்போர்டைத் திறந்து அந்த எல்லையைத் தற்காலிகமாகக் கூட்டிக் கையால் கிரோல் ஓட்ட வேண்டும். விட்டால் வழமையான ஓட்டம் வாரத்துக்கு ஒன்றுதான்.

இவையெல்லாம் ஒருமுறை செய்யும் வேலை. தொடர்ந்து கவனம் கேட்பது சொற்கள். ஆவணத்தில் "வருகைப் பதிவு" என்று இருக்கும், தேடுபவர் "பிரட்டு" என்பார். "ஊழியர் சேமலாப நிதி" என்று எழுதியிருப்போம், "ஈபிஎஃப்", "ஈபிஎப்" என்று இரண்டு விதமாகவும் தட்டுவார்கள். "கணனி", "கணினி" இரண்டும் புழக்கத்தில் உண்டு. "தரவிறக்கம்", "பதிவிறக்கம்", "டவுன்லோட்" மூன்றும் அப்படியே. இவற்றை இருவழி ஒத்த சொற்களாகச் சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் அப்படிச் சேர்க்க முடியாது. "பேர்" என்றால் தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கணக்கு. அதை "வேலைநாள்" என்பதோடு இருவழியாக இணைத்தால், "பயனர் பேர்" மாற்றத் தேடுபவருக்குச் சம்பளப் பக்கங்கள் வந்து குவியும். "அரைப்பேர்" என்ற முழுச் சொல்லை "அரைநாள்" என்பதற்கு ஒருவழியாக மட்டும் இணைத்தால் போதும்.

வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்துவது வழமையாகத் தேடலின் கடைசிச் சொல்லுக்கு மட்டுமே நடக்கும். "சம்பளம் பிடித்தம்" என்று தேடினால், "சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தொகை" என்ற தலைப்பு அதற்குப் பொருந்தாது. தலைப்புகளை உருபு ஏறாத பெயர்ச்சொல்லாக எழுதுவதே மருந்து: "சம்பளப் பிடித்தம்" என்றுகூட வேண்டாம், "சம்பளம்: பிடித்தம்".

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய குறிப்புகளை ஒட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துருவைக் கழற்றினால் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடாக மாற்றாமல் ஏற்றினால் எந்தத் தேடலுக்கும் அகப்படாது.

சிக்னல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் வெளிச் சேவையகத்தைக் கேட்கும் தேடல் இது. மலைக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும் காட்டும் போனில் பெட்டி திறக்கும், முடிவு சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்காக அகரவரிசைச் சொல்லடைவு ஒன்றைச் சாதாரணப் பக்கமாக வைத்து, மெனுவில் தேடலுக்குப் பக்கத்திலேயே இணைப்புக் கொடுத்திருக்கிறது. வெளிச் சேவையகமே வேண்டாம் என்பவர்கள் பேஜ்ஃபைண்ட் என்ற தேடல் கருவியைப் பாருங்கள். தளத்தைக் கட்டும்போதே இன்டெக்ஸ் உருவாகி, தேவையான துண்டுகள் மட்டும் போனுக்கு இறங்கும். தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டிப் பொருத்தும் வசதியும் அதில் உண்டு. ஒரே மொழித் தளம், சில நூறு பக்கம் என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

டொக்சேர்ச்சில் தொடர்வதற்குக் காரணம், முடிவு கிடைக்காத தேடல்களின் பட்டியல். திங்கட்கிழமை அரை மணி நேரம் அதற்கு. ஆனால் பொருந்தாத தேடலில் சொற்களைக் கட்டாயமில்லாதவை ஆக்கிவிடும் அமைப்பு வார்ப்புருவில் இருப்பதால், தவறிய தேடல் பலவும் ஏதோ ஒரு முடிவோடு தப்பிவிடும். அதைப் பிடிக்க, முடிவுகளை அழுத்துவதைப் பதியும் இன்சைட்ஸை இயக்கி, யாரும் அழுத்தாத முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போன வாரம் அப்படி அகப்பட்ட சொல் "கைக்காசு".